நாற்பத்தொரு வினாடி

அத்தியாயம் 14

தையல் மெஷினுக்குப் பின்னால், சுவரோரம் குவிந்திருந்த வெட்டுத் துணிகளுக்குள்ளிருந்து அந்தக் கைப்பேசி கிடைத்தது நேற்று மாலை. அதில் இருந்ததை இன்ஸ்பெக்டர் இன்னும் மேலிடத்துக்குச் சொல்லவில்லை.

பதினொரு நாளைக்கு முன், சாயங்காலம் நாலு பன்னிரண்டுக்கு, போலீஸ் அவசர எண்ணுக்கு ஓர் அழைப்பு. நாற்பத்தொரு வினாடிப் பேச்சு. அதற்கப்புறம் முக்கால் மணி நேரத்தில், அந்தத் தையல்காரப் பெண் மூன்றாவது மாடிப் படிக்கட்டின் அடியில் மண்டை உடைந்து கிடந்தாள். இன்றுவரை கண் திறக்கவில்லை.

"அவளா தடுக்கி விழுந்தா. நான் வீட்டுலயே இல்ல" என்று லாக்கப்பில் அவள் புருஷன் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். பார்த்த சாட்சி என்று ஒருவரும் இல்லை.

அவளுடைய அம்மா மட்டும் ஒரே வார்த்தையில் நின்றாள். பள்ளிக்கூடம் ஒன்றில் பெருக்கித் துடைக்கிறவள். "போலீசைக் கூப்பிடப் போறேன்மான்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் சார் போனை வெச்சா. கண்டிப்பா கூப்பிட்டிருப்பா."

'அப்படி எந்த அழைப்பும் வரவில்லை' என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டியே இன்ஸ்பெக்டர் அவளை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை மேஜையைத் தட்டினார். "எதுவா இருந்தாலும் எழுதிக் கொண்டாங்க. வாய்ப்பேச்சு செல்லாது."

அவள் எழுதத் தெரியாதவள் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. இன்று காலை சவரம் செய்யும்போது தோன்றியது. கன்னத்தில் வெட்டிக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையில் மகள் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். யார் எதைச் சொன்னாலும் திருத்துவதால் வீட்டில் அவளுக்கு 'வாத்தியார்' என்று பெயர்.

"அப்பா, கேஸைப் பாக்கற மாதிரி வீட்டையும் ஒரு நாள் பாருங்களேன்."

"இப்ப என்ன வந்துச்சு?"

"அம்மாவோட டிபன் பாக்ஸ் பத்து நாளா அப்படியே திரும்பி வருது. கழுவறது நான். அதனால எனக்குத் தெரியும்."

"உடம்பைக் குறைக்கறாளோ என்னமோ."

"உடம்பைக் குறைக்கறவங்க டப்பாவை ரொப்பி எடுத்துட்டுப் போவாங்களா?" அவள் விரலை மடக்கி எண்ணினாள். "பத்து சரிதான். இன்னிக்கும் அப்படியே வந்தா பதினொண்ணு."

அந்தப் பதினொன்று இன்ஸ்பெக்டரின் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. அவர் மனைவி ஆறு மணிக்கே டியூட்டிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அவளும் போலீஸ்தான். பதினாறு வருஷமாகக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் யார் வீட்டில் தீப்பிடித்தாலும் திருடன் புகுந்தாலும் முதலில் கேட்கிற குரல்களில் ஒன்று அவளுடையது.

பதிவறை அதே கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டரின் ஜூனியரைத் தடிமனான கண்ணாடிக்காக எல்லோரும் 'சோடாபுட்டி' என்பார்கள். அவனை வாசலில் அனுமதிச் சீட்டுக்குக் கையெழுத்து வாங்க நிறுத்திவிட்டு அவர் மட்டும் இறங்கிப் போனார்.

பதிவறைக்கார அம்மாள் ஓய்வுக்கு நாலு மாதம் மீதி இருக்கிறவள். தேதியையும் நேரத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் கணினியைத் தட்டினாள்.

"இருக்கு சார்."

"இருக்கா? அழைப்பே வரலைன்னு கடிதம் குடுத்தீங்களே!"

"வந்த அழைப்புல தேடச் சொன்னாங்க, தேடினோம். இது 'தவறான எண்'ணுன்னு குறிச்சு ஒதுக்கின அழைப்பு. அது தனிப் பெட்டி. அதுல தேடச் சொல்லி யாரும் கேக்கலையே."

"யார் அப்படிக் குறிச்சது?"

"எடுத்தவங்கதான் குறிப்பாங்க." அவள் காதுக் கருவியை நீட்டினாள். "கேளுங்க."

முதலில் தடதடவென்று சத்தம். கதவை யாரோ தோளால் இடிக்கிற சத்தம். நடுவில் ஓர் ஆண் குரல், வார்த்தை புரியாத கத்தல்.

நல்ல சாட்சி, என்று நினைத்தார் இன்ஸ்பெக்டர். வீட்டிலேயே இல்லை என்றானே, மாட்டினான்.

"போலீஸ் கட்டுப்பாட்டு அறை, சொல்லுங்க."

அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

"மேடம், அவர் கதவை உடைக்கறார் மேடம். நான் உள்ள தாழ் போட்டிருக்கேன்."

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"குடிச்சிருக்காரா?"

"இல்ல மேடம். குடிக்காம இருக்கார். அதான் பயமா இருக்கு."

அந்த இடத்தில் ஒரு 'உர்ர்'. மேஜை மேல் அதிர்கிற கைப்பேசி. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா." பிறகு குரல் தணிந்து, வேறு யாருக்கோ: "வேலைல இருக்கேங்க... அலமாரி சாவியா? நான் எடுக்கல... உங்க பேன்ட் பாக்கெட்ல பாருங்க... கத்தாதீங்க, லைன்ல ஆள் இருக்காங்க..."

"மேடம்? மேடம் இருக்கீங்களா?"

"அம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் வண்டி அனுப்ப முடியாது. அவர் வெளிய போனதும் பக்கத்து ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுங்க. என்ன?"

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் கருவியைக் கழற்றவில்லை. கழற்றினால் எதிரில் இருப்பவளைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சாயங்காலம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பழைய சான்றிதழ் ஒன்றை எடுக்க வீட்டுக்கு வந்தவர், இரும்பு அலமாரிக்கு முன்னால் நின்று கத்தினார். "ஒரு பொருளை வெச்ச இடத்துல வைக்கத் தெரியாதா உனக்கு?" சாவி அவருடைய பேன்ட் பாக்கெட்டில்தான் இருந்தது. கையில் தட்டுப்பட்டதும், ஒரு வார்த்தை சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

கட்டுப்பாட்டு அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அவள் மட்டும் ஏன் எடுத்துப் போகிறாள் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்காமலே தெரியும். இரண்டாவது தடவை அடிக்கும்போதாவது எடுக்காவிட்டால், அன்று ராத்திரி வீட்டில் அவர் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

"எடுத்தவர் பேருன்னு ஒரு இடம் இருக்கு சார் இந்தப் படிவத்துல" என்றாள் பதிவறைக்கார அம்மாள். "ஒன்பதாம் மேஜை. டியூட்டி சீட்டைப் பாத்தா தெரிஞ்சிடும். ஆனா உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். நீங்க சொல்றீங்களா, நான் எழுதட்டுமா?"

"ஒரு மணி நேரம் குடுங்க."

"எதுக்கு சார்?"

"காப்பி எடுத்து சீல் வைக்க வேணாம். நான் வந்து வாங்கிக்கறேன். ஒரு மணி நேரம்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒரு மணி நேரத்துல என்ன சார் மாறிடப் போகுது? குரலா?"

அவர் படியேறினார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் விசாரணைக் கைதி ஒருவனைக் கை நீட்டி அறைந்து, அவன் காதுச் சவ்வு கிழிந்தது. தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அது மறந்திருக்காது. 'அந்த நேரத்தில் என் கணவர் வீட்டில் இருந்தார்' என்று கையெழுத்துப் போட்டு அவர் வேலையைக் காப்பாற்றியவள் அவர் மனைவி. போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை. இப்போது அவள் பெயரை அவரே தன் கையால் எழுத வேண்டும்.

ஒன்பதாம் மேஜை காலியாக இருந்தது.

"மேடம் சாப்பாட்டு நேரத்துக்கு வெளிய போயிடுவாங்க சார், தினமும்" என்றாள் பக்கத்து மேஜைப் பெண். "பெரியாஸ்பத்திரிக்கு. யாரோ சொந்தக்காரங்க சீரியஸா இருக்காங்களாமே? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர். அந்த நொடியில்தான் தெரிந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவு இரண்டாவது மாடியில். வெளியே நீளமான நடை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி நாற்காலியில் தையல்காரப் பெண்ணின் அம்மா. பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண், மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர். அந்த வெயிலில் ஸ்வெட்டர்.

"ரெண்டு வாய் மட்டும் சாப்பிடுங்கம்மா. உங்க பொண்ணு முழிச்சுப் பாக்கறப்ப நீங்க தெம்பா இருக்க வேணாமா?"

அம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் எழுந்தாள். மூன்று தடவை திட்டு வாங்கியும் அந்த மரியாதை போகவில்லை.

"வாங்க சார். இந்தத் தாயி யாருன்னே எனக்குத் தெரியாது. யாரையோ பாக்க வந்தவங்களாம். முதல் நாள்லேருந்து தினம் வந்து உக்காந்துட்டுப் போறாங்க. சோறு கொண்டாறாங்க. எனக்குத்தான் தொண்டைல இறங்க மாட்டேங்குது." அவள் குரல் இறங்கியது. "பெத்த பிள்ளைங்க மத்ததெல்லாம் எட்டிப் பாக்கல சார். இவங்க வராங்க."

இன்ஸ்பெக்டரின் மனைவி திரும்பினாள். புருஷனைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. என்றைக்கு வருவார் என்று எதிர்பார்த்திருந்த முகம்.

முன்பின் தெரியாதவர்களைப் போல இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். இருபத்தொரு வருஷக் குடித்தனம்.

"உங்க பொண்ணோட போன் கிடைச்சுதும்மா" என்றார் அவர். மேற்கொண்டு சொல்லாமல் போய்விடலாம். விசாரிக்கிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். வாய் தானாகவே சொன்னது. "நீங்க சொன்னது சரி. அவ கூப்பிட்டிருக்கா. நாலு பன்னிரண்டுக்கு."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வாங்கினாள்.

"நான் சொன்னேன்ல? சொன்னேன்ல சார்?" அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல். "பொய்க்காரின்னு நினைச்சீங்க என்னை. சரி, போகட்டும். எடுத்தது யாரு?"

"விசாரிச்சிட்டு..."

"எடுத்தவங்க ஏன் வரல? யாரையாவது அனுப்பியிருந்தா..."

"விசாரணை நடக்குதும்மா. முடிஞ்சதும் நானே வந்து..."

"நான்தாம்மா."

இன்ஸ்பெக்டரின் மனைவி எழுந்து நின்றிருந்தாள். ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றினாள். அடுத்ததை. உள்ளே காக்கிக் காலர் தெரிந்தது.

"உங்க பொண்ணு பேசினது என்கிட்டதான். வண்டி அனுப்ப முடியாதுன்னு சொன்னது நான்தான். தவறான எண்ணுன்னு குறிச்சு வெச்சதும் நான்தான். அன்னிக்கே ராத்திரி செய்தில, அழைப்பு வந்தப்ப திரையில பாத்த அதே தெருப் பேரைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு. சொல்லணும்னுதான் தினம் வந்தேன். வந்து உக்காந்ததும் நாக்கு எழும்பல."

நடையில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது முனை திரும்பும்வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், கூச்சல் போடுவாள் என்று இன்ஸ்பெக்டர் எதிர்பார்த்தார். அப்படி நடந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அவ அழுதாளா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா."

"என்ன சொன்னா?"

"மேடம், மேடம்னு மரியாதையாத்தான் பேசினா. வண்டி வராதுன்னு நான் சொன்னதுக்கும் 'சரிங்க மேடம்'னுதான் சொன்னா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அவ அப்படித்தான். பெரியவங்க சொன்னா எதுத்துப் பேச மாட்டா. நான்தான் அப்படி வளத்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஏன்மா அப்படிச் சொன்னே? உன்னைப் பாத்தா அப்படிப்பட்டவளாத் தெரியலையே."

"நடுவுல இன்னொரு போன் வந்துச்சு. என் சொந்த போன். அவங்க கோபமா இருந்தாங்க. பேசற படபடப்புல, உங்க பொண்ணு சொன்னதை நான் சரியாவே வாங்கிக்கல. சீக்கிரம் முடிக்கணும்னு இருந்தது."

"யாரோட போன்?"

அவள் ஜன்னலைப் பார்த்து நின்றாள். பக்கத்தில் இருப்பவரின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கையெழுத்துப் போட்ட அன்றும் அவள் இப்படித்தான் நின்றாள்.

"என்னோடதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் இவளோட வீட்டுக்காரன்."

அம்மா அவரைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா இருக்கீங்க?"

"ஆமா."

"தினம் இவங்க இங்க வந்து அழுதுட்டுப் போறது உங்களுக்குத் தெரியாதா?"

அவர் திறந்திருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

"என்ன அவசரம் சார் அன்னிக்கு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

வேலை விஷயம் என்று சொல்லலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம். கூண்டில் ஏறி எத்தனையோ பொய்யைச் சரளமாகச் சொன்ன நாக்குத்தான்.

"சாவியைக் காணோம்னு கூப்பிட்டேன். என் பாக்கெட்லயே இருந்தது."

"பாக்கெட்லயே" என்றாள் அம்மா. பிறகு நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்து, அதிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தாள். யாரிடமாவது மனு எழுதி வாங்க வேண்டும் என்று வாங்கி வைத்திருந்த தாள்.

"எழுதிக் கொண்டான்னு மூணு தடவை சொன்னீங்க சார். எனக்கு எழுத வராது. நீங்க எழுதுங்க. இப்ப சொன்னீங்களே, அது அத்தனையும்."

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஜன்னல் கட்டையில் தாளை வைத்து, நின்றபடியே எழுதினார். கதவு இடிக்கும் சத்தம் கேட்டது என்று எழுதினார். ஆண் குரல் கேட்டது என்று எழுதினார். தன் பெயர், தன் எண், தான் கூப்பிட்ட நேரம், கூப்பிட்ட காரணம். காரணத்தை எழுதும்போது கை இரண்டு தடவை நின்றது. நடுவில் அவர் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. மேலதிகாரியான டெபுடி. எடுக்கவில்லை.

கையெழுத்துப் போட்டுத் திரும்பியபோது மனைவி கை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். அவர் எழுதியதன் கீழே தான் கேட்டதையும் சொன்னதையும் நாலு வரியில் எழுதி, அவளும் கையெழுத்துப் போட்டாள்.

"வாசிச்சுக் காட்டு" என்றாள் அம்மா.

மனைவியே வாசித்தாள். 'சரிங்க மேடம்' என்ற இடத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. ஆனால் விடாமல் வாசித்து முடித்தாள்.

அம்மா தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். டிபன் பாக்ஸை மூடி அவள் கையில் கொடுத்தாள்.

"இனிமே இங்க உள்ள வராதேம்மா. நீ நல்லவதான். ஆனா உன் முகத்தைப் பாத்தா எனக்கு இனி அந்தக் கதவுதான் ஞாபகம் வரும்." பையை மடிமேல் வைத்துக்கொண்டாள். "அவ முழிச்சா நானே அவகிட்ட சொல்றேன். அவ கூப்பிட்டா வா."

இருவரும் படியிறங்கினார்கள். கீழ்ப்படிக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்ப சொல்றது? நீங்க சாப்பிடறப்பவா, கோபமா இருக்கறப்பவா? அது ரெண்டுந்தானே வீட்டுல நீங்க பண்றீங்க." அவள் குரலில் சண்டையே இல்லை. அலுப்புதான் இருந்தது. "நான் உங்களைக் குத்தம் சொல்லல. போன் பண்ணது நீங்க. அந்தப் பொண்ணை வெக்கச் சொன்னது நான்."

"நான் பதிவறைலயே உன் பேரைச் சொல்லியிருக்கணும். ஒரு மணி நேரம் வாங்கிட்டு வந்துட்டேன்."

"எதுக்கு?"

"தெரியல" என்றார். உண்மையாகவே தெரியவில்லை.

வாசலில் சோடாபுட்டி ஓடி வந்தான். மூச்சிரைத்தது.

"சார், எங்கெல்லாம் தேடறது? அனுமதிச் சீட்டு டெபுடி மேஜைக்குப் போனதுமே, அவர் ஆபீஸ்லேருந்து ரெண்டு பேர் பதிவறைக்கு வந்தாங்க. அந்தப் பதிவை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"காப்பி?"

"சீல் வெச்ச காப்பி இருந்தா குடுத்திருக்க மாட்டேன், சட்டப்படி நின்னிருப்பேன்னு பதிவறைக்கார அம்மா திட்டறாங்க சார். நீங்கதான் வேணாம்னீங்களாம். கம்ப்யூட்டர்லயும் அழிச்சாச்சு. துறைக்குக் கெட்ட பேர் வரக் கூடாதாம்." அவன் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டான். "இனி லாக்கப்புல இருக்கறவன் வீட்டுல இல்லன்னு சொன்னா, இல்லதான் சார். ஜாமீன் மனு நாளைக்கு வருது."

இன்ஸ்பெக்டர் இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்தார். ஒரு மணி நேரம். பாழாய்ப்போன ஒரு மணி நேரம்.

"மேல அந்தம்மாகிட்ட ஒரு தாள் இருக்கு" என்றார் மெதுவாக. "ரெண்டு பேர் கையெழுத்து."

"அது டெபுடிக்குத் தெரிஞ்சா?" என்றான் சோடாபுட்டி. "அந்தம்மாகிட்ட வந்து, குடுங்க, படிச்சிட்டுத் தரோம்னு கேட்டா குடுத்துருவாங்க சார். சீருடையைப் பாத்தாலே எழுந்து நிக்கறவங்க."

இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பார்த்தார். டெபுடியை இப்போதே, அவர் ஆள் அனுப்புவதற்கு முன்னால், நேரில் பார்த்தாக வேண்டும். பார்த்தால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதையும் மேஜைக்கு வரும். அதுவும் தெரிந்தது.

"நீ வீட்டுக்குப் போ" என்றார் மனைவியிடம். "வாத்தியார் தனியா இருப்பா."

அவள் போகவில்லை. ஸ்வெட்டரை முழுக்கக் கழற்றி மடித்தாள். சீருடையின் சுருக்கங்களை நீவிவிட்டாள். பிறகு அவர்கள் இறங்கி வந்த படிக்கட்டுக்கு நேர் எதிரில் கிடந்த பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. மேல போற வழி இது ஒண்ணுதான்" என்றாள். "உள்ள வர வேணாம்னுதான் அவங்க சொன்னாங்க. வாசல்ல உக்காரக் கூடாதுன்னு சொல்லல."